நாலு மணிக்குள் இருபத்தைந்து கையெழுத்து

அத்தியாயம் 11

பத்து நாளாக ஹார்லன் ப்ரூபேக்கர் மகன் வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு வீடும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு சோளக்காடு, அவ்வளவே தூரம். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் மருமகள் ஜனெல், "உங்க இடத்துக்கு நானும் நிக்கப் போறேன்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, பாதி பீச் கேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனவர்தான். நாற்பத்தோரு வருஷத்தில் அவர் கேக்கை மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி வில்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவருடைய இடம் என்பது ஹாலிஸ் ஃபோர்க் பள்ளி வாரியத்தில் பதினாறு வருஷமாக அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. ஜூன் மாதக் கூட்டத்தில் ஊர் ஆரம்பப் பள்ளியை மூடலாமா என்று வாக்கெடுத்தபோது, இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது கை ஹார்லனுடையது. அது மூடச் சொல்லி உயர்ந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அவருடைய சொந்தப் பேத்தி, ஆறு வயது ட்ரூடி, காலை ஆறு பத்துக்குப் பேருந்து ஏறி ஐம்பது நிமிஷம் போக வேண்டும். அதற்குள் வாரியத்தில் ஒரு கை மாறினால் பள்ளி பிழைக்கும். அந்த ஒரு கை தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஜனெல் கிளம்பிவிட்டாள்.

தேர்தல் நவம்பரில். ஆனால் வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் இன்று, இந்தப் புதன்கிழமை, மாலை நாலு மணி. மனுவோடு ஊர் வாக்காளர்கள் இருபத்தைந்து பேருடைய கையெழுத்து வேண்டும். இருபத்தைந்து என்ன பெரிய எண்ணிக்கையா என்று நீங்கள் கேட்கலாம். ஜனெல்லும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பகல் பன்னிரண்டரைக்குத் தான் வேலை செய்யும் தானியக் கிடங்கின் எடைமேடை அறையில் அவள் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கணவன் டுவெய்ன் உள்ளே வந்தான். கையில் ஒரு பழுப்பு உறை. பத்து நாளாக, நீ யார் பக்கம் என்று யாரும் கேட்டுவிடாதபடி டிராக்டர் உதிரிபாகக் கடையே கதி என்று கிடந்தவன், இன்று சிரித்துக்கொண்டே வந்தான்.

"முப்பத்தொண்ணு," என்றான். "இருபத்தஞ்சு கேட்ட. முப்பத்தொண்ணு கொண்டாந்திருக்கேன். வாங்கினவன்னு அடியில நானும் கையெழுத்து போட்டாச்சு. போய்க் குடுக்கறதுதான் பாக்கி."

"ஒரே நாள்ல எங்க வாங்கின?"

"நேத்து பெரியவர் ஆல்வினை அடக்கம் பண்ணிட்டு வந்து சர்ச்ல சாப்பாடு போட்டாங்கல்ல, அங்க."

"சாவுச் சாப்பாட்டுலயா எனக்கு ஆதரவு கேட்ட?"

"கேக்கவே இல்லையே. படிவத்தை எழுதற அட்டையில மாட்டி அம்மாகிட்ட குடுத்தேன், காபி மேஜைமேல வச்சாங்க. வந்தவங்க போட்டுட்டுப் போனாங்க."

ஜனெல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். படிவத்தை உருவி எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பத்தொன்பதாவது வரியில், முகவரி எழுத வேண்டிய இடத்தில், 'ஆல்வின் ரொம்ப நல்ல மனுஷன். குடும்பத்துக்கு எங்கள் அனுதாபம்' என்று இருந்தது.

"இவர் இதை துக்க நோட்டுன்னு நினைச்சுப் போட்டிருக்கார், டுவெய்ன்."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒருத்தர்தானே? விடு."

அவள் விடவில்லை. மேலே போனாள். பதினாலாவது வரியில் வில்மா ப்ரூபேக்கர். பதினைந்தாவது வரியில் ஹார்லன் ப்ரூபேக்கர். இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, அதே சாய்வு.

"இது உங்க அப்பா பேர்."

"இருக்காதே."

"உங்க அம்மா எழுதின உங்க அப்பா பேர்."

டுவெய்ன் குனிந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். "அம்மா அனுதாப அட்டையில எப்பவும் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போடுவாங்க. கிறிஸ்துமஸ் வாழ்த்துலயும் அப்படித்தான். அந்தக் கை நிக்காம இதுலயும் போட்டுட்டாங்க போல."

"நான் யாரை எதிர்த்து நிக்கறேனோ அவரே எனக்கு ஆதரவா கையெழுத்து போட்டிருக்கார்னு நான் கொண்டுபோய்க் குடுக்கணுமா?"

"அந்த ஒரு வரியை அடிச்சிட்டாப் போச்சு."

"மத்த முப்பதை என்ன பண்றது?" ஜனெல் படிவத்தின் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினாள். "நீ எதுல கையெழுத்து போட்டிருக்கன்னு படிச்சியா? 'இதிலுள்ள ஒவ்வொரு கையெழுத்தும் என் கண்முன்னே, அந்தந்த நபராலேயே போடப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்.' அவங்க போடும்போது நீ எங்க இருந்த?"

டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "வெளிய. ஆல்வின் மகனோட அறுவடை மிஷின்ல பெல்ட் அறுந்துடுச்சுன்னு பேசிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"முழு நேரமும்தான்." கொஞ்சம் கோபமாகவே சொன்னான். "யார் வந்து கேக்கப் போறாங்க, ஜனெல்? எல்லாம் நம்ம ஊர் ஆளுங்க. நிஜமாவே போட்டவங்கதான்."

"உங்க அப்பா போட்டாரா?"

அவன் படிவத்துக்குக் கை நீட்டினான், ஜனெல் கொடுக்கவில்லை.

"ரெண்டு மாசமா நான் ஊர் முழுக்க என்ன பேசிட்டுத் திரியறேன்? வாரியம் பூட்டின ரூமுக்குள்ள முடிவு பண்ணிட்டு, அப்புறம் நம்மளைக் கூப்பிட்டு வச்சுக் கை தூக்கிக் காட்டுதுன்னு பேசறேன். என்னோட முதல் காகிதமே பொய்யா இருந்தா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அங்க போய் உக்காருவேன்?"

சொல்லிக்கொண்டே படிவத்தை நடுவில் கிழித்தாள். நடந்தது சரியா தவறா என்று யோசிக்க நேரமில்லை. கடிகாரம் பன்னிரண்டு ஐம்பதைக் காட்டியது. மேஜை இழுப்பறையில் வெற்றுப் படிவம் ஒன்று மீதி இருந்தது. ஒன்றே ஒன்று.

"இப்ப எங்க போய் வாங்குவ?" என்றான் டுவெய்ன்.

"ஊரே இன்னைக்கு எங்க இருக்கு?"

"பொருட்காட்சியில." அவன் குரல் இறங்கியது. "அப்பாவும் அங்கதான் இருக்கார். பன்றி வளர்ப்போர் சங்கத்துக் கூடாரத்துல இறைச்சி சுடறார்."

"தெரியும்," என்றாள் ஜனெல். "இங்க வர்ற லாரிகளை எனக்குப் பதிலா நீ எடை போடு."

*

பன்றி வளர்ப்போர் கூடாரத்துக்கு முன்னால்தான் எப்போதும் நீளமான வரிசை நிற்கும். நாற்பது ஐம்பது பேர், ஆகஸ்ட் வெயிலில், கையில் எலுமிச்சை பானத்தோடு. அந்த ஊர் வாக்காளர்களை வேறெங்கும் இப்படி மொத்தமாகப் பார்க்க முடியாது. ஆனால் வரிசையின் மறுமுனையில், புகைக்கு நடுவே, நீள இடுக்கியோடு ஹார்லன் நின்றார். பக்கத்தில் வில்மா ஆப்பிள் கூழைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜனெல் வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் அகப்பட்டவள் லாய்ஸ் ஷ்ராக். காதில் விழுந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் லாய்ஸுக்குக் கிடையாது.

"நேத்து சர்ச்லயே போட்டேனேம்மா?"

"அந்தக் காகிதம் கெட்டுப்போச்சு, லாய்ஸ். திரும்ப வாங்கணும்."

"எப்படிக் கெட்டுச்சு?"

ஜனெல் ஒரு நொடி கூடாரத்தைப் பார்த்தாள். வில்மா கரண்டியோடு இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், சாவுச் சாப்பாட்டில் மாமியார் புருஷன் பேரை எழுதிய கதை மூன்று மணிக்குள் குதிரைக் கொட்டகை வரைக்கும் போய்விடும்.

"என் தப்புதான். நான்தான் கெடுத்துட்டேன்."

"நீயேவா?" லாய்ஸ் கையெழுத்து போட்டாள். போட்டுவிட்டு முன்னால் நின்றவளின் தோளைத் தட்டி, "ஜனெல் முதல் காகிதத்தைக் கெடுத்துட்டாளாம்" என்றாள். அது வரிசையோடு ஒவ்வொரு வாயாகத் தாண்டி, இறைச்சித் தட்டு வாங்கும் மேஜை வரைக்கும் போனது.

சிலர் போட்டார்கள். சிலர் புகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டு வரேன், கையெல்லாம் எண்ணெயாகப் போகுது" என்றார்கள். இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்காதவர்கள் எண்ணெய்க்கு முன்கூட்டியே பயந்தார்கள். ஒருவர் மட்டும், "எனக்கு உன்னையும் பிடிக்காது, உன் மாமனாரையும் பிடிக்காது. ஆனா ஆறு பத்துக்கு பஸ்ஸுன்னா என் பேரனை யார் எழுப்பறது?" என்று சொல்லிவிட்டு அழுத்திக் கையெழுத்திட்டார். இரண்டு மணி ஆனபோது பதினொரு கையெழுத்து சேர்ந்திருந்தது.

அவள் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, பேனா நகர்வதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இந்தத் தடவை ஒரு எழுத்துகூட அவள் பார்க்காமல் விழக்கூடாது. கழுத்து வலித்தது. வயிற்றில் மதியச் சாப்பாடு இல்லை. நேரம் மட்டும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டையும் கையுமாக அவள் கூடாரத்து மேஜைக்கு அருகே வந்தபோது, ஹார்லன் தலையைத் தூக்காமலே பேசினார். அவளிடம் அல்ல, தட்டு நீட்டியவரிடம்.

"ஒரு தாளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல. நாளைக்கு அறுநூறு பிள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடங்களை இவங்க பார்த்துக்கப் போறாங்களாம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜனெல்லுக்குக் காது வரை சூடேறியது.

"நாப்பத்தோரு பிள்ளைங்க இருக்கற பள்ளிக்கூடத்தை நீங்க பார்த்துக்கிட்ட லட்சணம் தெரியுமே, ஹார்லன்," என்றாள்.

"நாப்பத்தோரு பிள்ளைங்கன்னா அது பள்ளிக்கூடமே இல்ல, பொண்ணே. பிறந்தநாள் விருந்து." மறுபடி சிரிப்பு. அவருக்கு இது கைவந்த கலை. பதினாறு வருஷக் கூட்டங்களை இப்படித்தான் ஓட்டினார். "தப்பு பண்ணிட்டேன்னு நீயேதான் சொல்ற. அதைத்தான் நானும் சொன்னேன்."

ஜனெல் பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வேண்டிய பதில் அவருக்குப் பக்கத்திலேயே கரண்டியோடு நின்றதால் மூடிக்கொண்டாள்.

வில்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் மருமகளிடம் கை நீட்டினாள்.

"பேனாவைக் குடு."

"வில்மா, வேணாம்."

"குடும்மா."

வாங்கி, தன் பேரை மட்டும் எழுதினாள். முகவரி, தேதி. அடுத்த வரிக்குக் கை தானாகவே இறங்கியது. நிறுத்திக்கொண்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காகிதத்தைக் கெடுத்தது இவ இல்ல, நான்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. வில்மா அப்படி உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. "நேத்து என் பேரைப் போட்டுட்டு, பழக்கத்துல ஹார்லன் பேரையும் நானே போட்டுட்டேன். டுவெய்ன் போன்ல சொல்லிட்டான், இவ அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, என் மானம் போகக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கிட்டா. நீங்களும் சிரிக்கறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அடுப்பில் இறைச்சி கருகும் வாசனை வந்தது.

ஹார்லன் மனைவியைப் பார்த்தார். கையெழுத்து விழுந்த அட்டையைப் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆப்பிள் கூழ் தீர்ந்துபோச்சு, வில்மா," என்றார்.

"தீந்தா தீரட்டும்."

அதற்குப் பிறகு அட்டை நகர்ந்தது. முதலில் எண்ணெய்க்குப் பயந்த இரண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள். பசுக் கொட்டகையிலிருந்து இன்னும் சிலர். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்காகப் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; வில்மாவுக்காகப் போட்டவர்கள் பாதிப் பேர். மூன்று இருபதுக்கு முப்பத்து மூன்று கையெழுத்து. ஒவ்வொன்றையும் ஜனெல் பார்த்திருந்தாள். கார் பானெட் மேல் வைத்து, அடியில் தன் பேரை எழுதியபோது அவளுக்கு அழுகை வந்தது. பேனாவை மூடிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

*

தேர்தல் அலுவலகம், கோர்ட் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில். கவுண்டரில் நோரின் என்ற பெண்மணி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக எண்ணி, முத்திரை குத்தினாள். மூன்று நாற்பத்தொன்று.

"ஆச்சு. நவம்பர்ல உன் பேர் வாக்குச் சீட்டுல இருக்கும்," என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "உங்க மாமனாருதுதான் இன்னும் வரல," என்றாள்.

ஜனெல் கதவுப் பக்கம் திரும்பியபோது வில்மா உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஆப்பிள் கூழ் தெறித்த ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கவுண்டருக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து வைத்தாள்.

"ஹார்லனோடது," என்றாள் மருமகளிடம், கொஞ்சம் வெட்கத்தோடு. "நாலு தடவையும் நான்தான் வாங்கினேன், நான்தான் கொண்டுவந்து குடுத்தேன். உனக்குக் கையெழுத்து போட்டதால அவரை விட்டுட முடியுமா?"

"விட வேணாம், வில்மா," என்றாள் ஜனெல். மனதாரத்தான் சொன்னாள். அவரை நேருக்கு நேர் நின்று தோற்கடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

நோரின் உறையைப் பிரித்தாள். "அடியில கையெழுத்து போடலயே. வழக்கம்போல இங்கேயே போட்டுடறீங்களா?" என்று பேனாவை நகர்த்தினாள்.

வில்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். போன நாலு தடவையும் அவள் அந்த இடத்தைப் பார்த்தவுடன் பேர் எழுதியவள். இன்று அதற்கு மேலே இருந்த வரியைப் படித்தாள். உதடு அசைந்தது. படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஜனெல்," என்றாள் மெதுவாக.

ஜனெல் பக்கத்தில் போய் நின்றாள்.

"இதுவும் அதே மேஜைதான். அதே காபிப் பாத்திரம். உன் அட்டைக்குப் பக்கத்துல இந்த அட்டை. நான் சமையல் ரூம்ல சாண்ட்விச் வெட்டிட்டிருந்தேன். யார் போட்டாங்கன்னு நான் பார்க்கவே இல்ல."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்து மூன்று. நோரின் மரியாதையாகக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனெல் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வில்மா எழுதாவிட்டால் ஹார்லன் போட்டியிலேயே இல்லை. நாற்காலி தனக்கு, சும்மாவே. பள்ளி பிழைக்கும். ட்ரூடி காலை ஏழரை வரைக்கும் தூங்கலாம். அவ்வளவும் ஒரு பேனாவின் இந்தப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் இந்த அம்மாள், ஏப்ரனோடு, நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தோடு.

"போட்டுடுங்க, வில்மா," என்றாள் ஜனெல். "நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்."

வில்மா கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தாள்.

"அப்ப உன்னோடதை நீ ஏன் கிழிச்ச?"

"அது வேற."

"எப்படி வேற?"

வில்மா காத்திருந்தாள், உண்மையிலேயே ஒரு பதில் கிடைத்தால் எழுதிவிடலாம் என்பவளைப் போல. ஐம்பத்து நாலு. ஐம்பத்தாறு. பிறகு பேனாவை மூடி, கவுண்டரில் வைத்துவிட்டு, படிவத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

"வில்மா?" என்றாள் நோரின். "நாலு மணிக்கு நான் பூட்டணும்."

"பூட்டிக்கோம்மா."

இரண்டு பேரும் படியேறி வெளியே வந்தார்கள். வாகன நிறுத்தத்தில் வெயில் கொதித்தது. வில்மா உறையைப் பையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் முழங்கையை ஜனெல் பிடித்துக்கொண்டாள். பின்னால் கதவு பூட்டும் சத்தம் கேட்டது.

ஹார்லனின் பழைய வண்டி அப்போதுதான் திருப்பத்தில் வந்தது. அவசரமாக நிறுத்தி இறங்கினார். உடம்பெல்லாம் புகை வாடை. மத்தியானக் கோபம் வழியிலேயே ஆறிவிட்டது போலிருந்தது; கையில் ஒரு காகிதப் பொட்டலம், வில்மா சாப்பிடாமல் வந்துவிட்டாளே என்று கட்டிக்கொண்டு வந்த இறைச்சி.

"குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

வில்மா உறையை நீட்டினாள். அவர் வாங்கி, திறந்து, அடியில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்திருந்த கையையும், அந்தக் கைக்குச் சொந்தக்காரியையும்தான் பார்த்தார்.

"ஓஹோ," என்றார் ஹார்லன். "இதைத்தான் நேத்தே திட்டம் போட்டீங்களா?"